இறங்கி நடக்கச் சொன்ன டிரைவர்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் மெக்கானிக் தம்பிகளே, உங்களுக்காக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று முதலாளியின் மகன் கேட்டபோதே அவர் எதை எதிர்பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. 'இந்தக் காலத்து மெக்கானிக்குக்குக் கைத்திறமை இல்லை, பார்ட்டைக் கழற்றி மாட்டத்தான் தெரியும்' என்று நான் பொரிந்து தள்ளவேண்டும். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு படிக்கவேண்டும். திட்டுவது எனக்கு நன்றாக வரும். முப்பத்தெட்டு வருஷம் அதைத்தான் செய்தேன். இடையிடையே வண்டியும் ரிப்பேர் பார்த்தேன்.

திட்டு வாங்குகிற அளவுக்கு நீங்களும் செய்கிறீர்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஹார்ன் அடிக்கவில்லை என்றால் ஒயரைத் தொட்டுப் பார்க்கும் முன்பே புது ஹார்னுக்கு ஆர்டர் போடுகிறீர்கள். செல்போனில் யாரோ ஒருவர் பேசும் வீடியோவைக் கேட்கிற பொறுமை, எதிரில் நிற்கிற வண்டிக்காரர் பேசும்போது உங்களுக்கு இருப்பதில்லை. அவர் வாயைத் திறக்கிறார், நீங்கள் பானெட்டைத் திறக்கிறீர்கள்.

ஆனால் இந்தக் கடைசிப் பழக்கம் உங்களோடு வந்தது இல்லை. இந்தப் பட்டறைக்கு அதைக் கொண்டு வந்தவன் நான்தான். பழைய வேலை நேர்த்தியை யார் தொலைத்தார்கள் என்று ஊரில் விசாரணை நடந்தால் முதலில் கை தூக்கவேண்டியவனும் நான்தான். அதனால் உங்கள் கதையை விட்டுவிட்டு என் கதையைச் சொல்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்த நாளில் 'நடை போறது' என்று ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கோளாறோடு வண்டி வந்தால் முதலில் ஸ்பேனரை எடுக்கமாட்டோம். வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவர் தினம் போகிற பாதையில், அவர் தினம் ஏற்றுகிற பாரத்தோடு ஒரு நடை போய் வருவோம். ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் என்றால் கரும்போடுதான் போகவேண்டும். வெறும் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு போய் வந்தால் அது நடையில் சேராது. நைனார்பாளையத்திலிருந்து ஒரு மினி லாரி வந்தது, சத்தம் மக்காச்சோளம் ஏற்றினால்தான் வருகிறது என்றார்கள். மூட்டை மேல் மூட்டையாக ஏற்றிக்கொண்டு அரை நாள் சுற்றினோம். அந்த அரை நாளில் பத்து நிமிஷம் மட்டும் சத்தம் வந்தது. அது போதுமாக இருந்தது.

பிறகு பட்டறை பெரிதாயிற்று. வண்டியைத் தூக்க லிஃப்ட் வந்தது, ஸ்கேனர் வந்தது. காலையிலேயே எட்டு வண்டி வரிசையில் நிற்கும்போது யார் அரை நாள் போய் உட்காருவது? 'நானே ஓட்டிப் பாத்துடறேன்' என்று சாவியை வாங்கி, சேலம் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் காலி வண்டியாக ஓட்டிவிட்டுத் திரும்பி வருவேன். நடை போவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தானாகவே நின்றுபோயிற்று. அப்போது தலைமை மெக்கானிக் நான்.

அந்தச் சமயத்தில்தான் லட்சுமணன் வந்தான். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மலைக் கிராமம் அவனுக்கு. முப்பது வயது இருக்கும். பத்துப் பேர் உட்காருகிற பழைய ஜீப் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் மலையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வருவான். ஆஸ்பத்திரி, சந்தை, தாலுகா ஆபீஸ் என்று அவரவர் வேலையை முடித்ததும் சாயங்காலம் மேலே கொண்டுபோய் விடுவான். அதிகம் பேசமாட்டான், ஆனால் பேசினால் ஒரு வார்த்தை வீணாக இருக்காது. எனக்கு அது அப்போது புரியவில்லை.

"வெறும் வண்டில ஒண்ணும் தெரியல மேஸ்திரி," என்றான். "ஆளுங்கள ஏத்திக்கினு எறங்கறப்போ பாதி மலை தாண்டினா பெடலு பொதபொதன்னு உள்ள போவுது. கீழ வந்து நிறுத்திட்டு, டீ குடிச்சிட்டு வந்து மிதிச்சா கல்லு மாதிரி நிக்குது. போன மாசம் இங்க பிரேக் ஷூ மாத்திக்கினு போனதுலருந்துதான் இப்பிடி."

இந்த நாலு வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எப்போது, எங்கே, எவ்வளவு பாரத்தில், எதற்குப் பிறகு என்று எல்லாமே அதில் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு வண்டிக்காரர் என்னதான் சொல்லவேண்டும்? என் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான். நம் பட்டறை வேலையைக் குறை சொல்கிறானே என்று சுருக்கென்று இருந்தது.

"எங்க கை பட்டு எந்த வண்டியும் கெட்டதில்ல தம்பி," என்றேன். சேலம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் நச்சென்று பிடித்தது. பைப்புகளில் இருந்த காற்றை வெளியேற்றி, ஆயில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

பத்து நாளில் திரும்பி வந்தான். அதே கோளாறு. இந்த முறை மாஸ்டர் சிலிண்டரை மாற்றினேன். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குத் தள்ளுகிற பாகம் அது. பெடல் உள்ளே போகிறது என்றால் எந்த மெக்கானிக்குக்கும் முதலில் அதன் மேல்தான் சந்தேகம் வரும். மறுபடியும் சேலம் ரோடு, மறுபடியும் நச்சென்ற பிரேக்.

மூன்றாவது முறை அவன் வந்தபோது மழைக்காலம் பிடித்துவிட்டது. முகத்தில் களையே இல்லை. நம் பிரபுவிடம் ஜீப்பை ஒப்படைத்தேன். டிப்ளமோ முடித்து வந்தவன், ஸ்கேனர் அவன் பொறுப்பு. மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் காட்டலண்ணா," என்றான்.

"பாத்தியா? மிஷினே சொல்லிடுச்சி," என்றேன் லட்சுமணனைப் பார்த்து.

பிரபு குறுக்கே பேசினான். "காட்டலன்னுதாண்ணா சொன்னேன். கோளாறு இல்லன்னு சொல்லல. பெடலு எறங்கறதெல்லாம் இதுக்குத் தெரியாது."

இருபத்தைந்து வயதுப் பையன் எனக்கே பாடம் எடுக்கிறானா என்று எனக்குக் கோபம். அவன் சொன்னதுதான் முழுக்க முழுக்கச் சரி. தன் கருவிக்கு எது தெரியும், எது தெரியாது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் தொழில். அன்றைக்கு அந்தத் தொழில் அவனிடம் இருந்தது, என்னிடம் இல்லை. இதை அவனிடம் நேரில் சொல்ல எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

கோபத்தை எங்கேயாவது இறக்கவேண்டுமே, லட்சுமணன் மேல் இறக்கினேன். "பிரேக்கு மேலயே கால வெச்சிக்கினு வந்தா எந்த வண்டிதான் தாங்கும்? கோளாறு வண்டில இல்ல தம்பி, உன் மனசுல. பயம் வந்துடுச்சி உனக்கு."

ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "மேலயும் அப்பிடித்தான் சொல்றாங்க மேஸ்திரி. பயந்தாங்கொள்ளின்னு. இப்ப என் வண்டில ஏற ஆளு கெடையாது. எம் பொண்டாட்டியே புள்ளய தூக்கிக்கினு பஸ்ஸுக்குப் போய் நிக்குது. வண்டிய கேட்டுக்கினு ஒருத்தர் வந்தாரு. குடுத்துட்டுக் குடும்பத்தோட காப்பி எஸ்டேட் வேலைக்குப் போயிடலாம்னு இருக்கறேன். அதுக்கு முன்ன ஒரே ஒரு தடவ நீங்க வந்து ஒக்காந்து பாருங்க."

"பாக்கலாம்," என்றேன். 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரிந்தது.

அன்று மத்தியானம் இன்னொரு மாஸ்டர் சிலிண்டர் வாங்க உதிரி பாகக் கடைக்குப் போனேன். முதலில் மாட்டியது மட்டமாக இருந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கடையின் கவுண்ட்டரில் நிற்கிற அம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும், என்னைவிட ரொம்பச் சின்னவர். ஸ்பேனர் பிடித்தவர் இல்லை. ஆனால் எந்த வண்டிக்கு என்ன வாங்கினோம் என்பது எங்களைவிட அவருக்கு நன்றாக நினைவிருக்கும். அவர் பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் தொழிலில் நான் பெரிதாக மதிக்கிற ஆட்களில் அவர் ஒருவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"அந்த மல ஜீப்புக்கா மேஸ்திரி?" என்று கேட்டார். "இப்பதானே ஒண்ணு வாங்கிக்கினு போனீங்க?"

"அது சரியில்ல."

"சரியில்லாம இன்னா? அதே பெட்டில இருந்து வேற மூணு வண்டிக்குப் போயிருக்குது, ஒருத்தரும் திருப்பிக் கொண்டாரல." பெட்டியை எடுத்து வைத்தவர், அதன் மேல் இருந்து கையை எடுக்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. இத்தினி தடவ பிரேக்கப் பிரிச்சிருக்கீங்க. எங்கிட்ட ஒரு டின்னு பிரேக் ஆயிலு வாங்கலியே. இன்னாத்த ஊத்தறீங்க?"

பெட்டியை என் பக்கம் இழுத்தேன். "பார்ட்ட குடும்மா. வைத்தியம் நான் பாத்துக்கறேன்."

"எடுத்துக்குங்க. வேலைக்கு ஆவலன்னு ரிட்டர்ன் கொண்டாந்தா மட்டும் வாங்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

வழி முழுக்க மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பட்டறை வாசலில் இறங்கும்போது என் கோபம் லட்சுமணன் பக்கம் திரும்பியிருந்தது. இவனால்தானே நமக்கு இவ்வளவு பேச்சு? ஒரு நடை போய், கோளாறு இவன் காலில்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் விஷயம் முடிந்தது. இதுதான் நான் மலை ஏறிய லட்சணம். நல்ல எண்ணத்தோடு போனேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

வாங்கி வந்த சிலிண்டரை மாட்டிவிட்டு, மறுநாள் காலை அவனோடு மேலே போனேன். இறங்கும்போது பாரம் வேண்டுமே, பத்து ஆளைக் கூப்பிடு என்றேன்.

"ஆளு வேணாம் மேஸ்திரி. கெழங்கு மூட்ட ஏத்திக்கலாம்."

பக்கத்து வீட்டிலிருந்து மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளைக் கேட்டு வாங்கி, பத்துப் பேர் எடைக்குக் கணக்காக ஏற்றினான். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. பயம் எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது பார் என்று நினைத்தேன்.

இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அந்தச் சிரிப்பு போய்விட்டது. அவன் பிரேக் மேல் கால் வைக்கவே இல்லை. இரண்டாவது கியரில், என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கிற மாதிரி, அவ்வளவு நிதானமாக இறக்கினான். வளைவுக்கு முன்னால் மட்டும் ஒரு மிதி, உடனே விட்டுவிடுவான். எத்தனையோ டிரைவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மலை இறக்கத்தில் இவ்வளவு சுத்தமான காலை நான் பார்த்ததில்லை. இவனைப் பார்த்தா பிரேக் மேலேயே கால் வைக்கிறாய் என்று சொன்னேன்? வெட்கமாக இருந்தது. வாயைத் திறந்து சொல்லத்தான் மனசு வரவில்லை.

பாதி மலையில் எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் மாட்டியது. பஸ் நின்றால் நிற்கவேண்டும், நகர்ந்தால் நகரவேண்டும். லட்சுமணன் அடிக்கடி மிதிக்கவேண்டி வந்தது. நாலைந்து வளைவு அப்படியே போயிற்று. பஸ் வேகமெடுத்து முன்னே போய்விட்ட பிறகு, "இப்ப பாருங்க மேஸ்திரி," என்றான், மழை வருகிறது பாருங்கள் என்று சொல்வதுபோல.

பெடல் அவன் காலோடு தரை வரைக்கும் போயிற்று. பிடிப்பே இல்லை.

வலது பக்கம் பள்ளம், எதிரே வளைவு. கையை நீட்டி ஹாண்ட் பிரேக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்கப் போனேன். அப்படி இழுத்திருந்தால் ஈர ரோட்டில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பள்ளத்தின் பக்கம் திரும்பியிருக்கும். லட்சுமணன் என் கையை மெல்ல விலக்கினான்.

"கைய எடுங்க. கால ஊனிக்குங்க. ஒண்ணும் ஆவாது."

முதல் கியருக்கு இறக்கினான். என்ஜின் அலறியது. ஹாண்ட் பிரேக்கைக் கொஞ்சம் இழுப்பதும் விடுவதுமாக, இடது பக்கம் மலையை ஒட்டிய மண் வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி, சேற்றில் உரசவிட்டு, ஒரு புளிமூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி வண்டியை நிறுத்தினான். இறங்கி முதல் வேலையாகச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். பிறகுதான் என் பக்கம் வந்து கதவைத் திறந்தான். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாக இருந்தால் பத்து தடவை சொல்லியிருப்பேன்.

சக்கரத்தில் கை வைக்கப் போனேன். "தொடாதீங்க மேஸ்திரி, கொதிச்சிக்கினு இருக்குது."

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தோம். "ரெண்டு மாசமா இந்த வண்டிய எப்பிடி ஓட்டினே?" என்று கேட்டேன்.

"இந்த எடத்துக்கு வந்தா நிறுத்திடுவேன். எல்லாரையும் எறங்கி நடங்கன்னு சொல்லிடுவேன். செங்குத்தா இருக்கற மூணு திருப்பம் மட்டும். நான் வெறும் வண்டிய மொள்ள ஓட்டிக்கினு போய்க் கீழ நின்னு ஏத்திக்குவேன். மொதல்ல சிரிச்சாங்க. அப்பறம் திட்டனாங்க. வயசானவங்கள மழையில நடக்கவுடறியேன்னு. அப்பறம் வேற வண்டிக்குப் போயிட்டாங்க. போறவங்க போவட்டும். வண்டி உருண்டா நான் ஒருத்தன்தானே மேஸ்திரி."

ஸ்கேனர் சொல்லவில்லை, தலைமை மெக்கானிக் நம்பவில்லை, ஊர் சிரிக்கிறது, கட்டினவள் ஏறமாட்டேன் என்கிறாள். இத்தனைக்கும் நடுவில் தன் காலுக்கு அடியில் தெரிந்ததை மட்டும் நம்பி, தினம் பத்துப் பேரை இறக்கி நடக்கவிட்டிருக்கிறான். தைரியம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் நான் அவனைத்தான் காட்டுவேன். அவனுக்குத்தான் பயம் வந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன்.

அரை மணி கழித்து, "இப்ப மிதிச்சிப் பாருங்க," என்றான். மிதித்தேன். கல் மாதிரி நின்றது.

சூடானால் போகிறது, ஆறினால் வருகிறது. அப்போதுதான் கடைக்கார அம்மாவின் கேள்வி காதில் கேட்டது. இன்னாத்த ஊத்தறீங்க?

என்னத்தை ஊற்றினோம் என்று சொல்கிறேன். பிரேக் வேலை பார்க்கும்போது பழைய ஆயில் குழாய் வழியாக வெளியே வரும். அதைக் கொட்டிவிட்டு, மூடி உடைக்காத புது டின்னைத் திறந்து ஊற்றவேண்டும். எங்கள் பட்டறையில் அதைக் கொட்டமாட்டோம். ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, இரண்டு நாள் தெளியவிட்டு, மேலாக இருப்பதை எடுத்து மறுபடி ஊற்றுவோம். கேனுக்கு மூடி கிடையாது, ஒரு துணியைச் செருகி வைத்திருப்போம். ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்பது சின்ன வயதிலிருந்தே நான் பழகிய தொழில் ஒழுக்கம். பிரபு ஒரு தடவை அதைக் கீழே கொட்டப் போய் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, டின் மேலேயே எழுதியிருக்கிறது. ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்துச் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆவியை மிதித்தால் பெடல் தரைக்குத்தான் போகும். ஆறினால் ஆவி அடங்கிவிடும், ஒன்றுமே நடக்காத மாதிரி பிரேக் பிடிக்கும். கள்ளக்குறிச்சிச் சமவெளியில் ஓடுகிற வண்டிகளுக்குப் பிரேக் அவ்வளவு சூடாவதே இல்லை. அதனால் எத்தனையோ வருஷம் அந்தக் கேன் எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. லட்சுமணன் ஒவ்வொரு முறை வந்தபோதும் நான் கோளாறைச் சரிசெய்யவில்லை. அதே கேனிலிருந்து கோளாறை ஊற்றி அனுப்பினேன்.

உங்களுக்கு இங்கே ஒன்று சொல்லவேண்டும். பழைய காலத்து வேலை எல்லாம் பொன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடை போவதும் பழைய பழக்கம்தான், அந்தக் கேனும் பழைய பழக்கம்தான். நான் செய்த கூத்து என்ன என்றால், அரை நாள் ஆகிறது என்று முதலாவதை விட்டேன், சிக்கனம் என்று இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கல்லில் உட்கார்ந்தபடியே லட்சுமணனிடம் சொல்லிவிட்டேன். "தப்பு உன் மேல இல்லப்பா. வண்டி மேலயும் இல்ல. என் மேல." அவன் உடனே, "வேற மல வண்டிக்கும் அத ஊத்தியிருக்கீங்களா?" என்று கேட்டான். அவனுக்கு முதலில் தோன்றிய கேள்வி அது. எனக்கு அது தோன்றவே இல்லை. அங்கிருந்தே பிரபுவுக்குப் போன் போட்டேன். இன்னும் மூன்று மலை வண்டிகள் இருந்தன. பிரபு அன்றைக்கே மூன்றையும் தேடிப் பிடித்து நிறுத்தினான். கேனைக் கொட்டச் சொன்னேன். மறு பேச்சு பேசாமல் கொட்டினான், அது அவன் பெருந்தன்மை.

கடைக்காரம்மாவிடம் போய் விஷயத்தைச் சொல்லி, புது ஆயில் டின்கள் கேட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். "அந்த சிலிண்டர ரிட்டர்ன் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். "நல்ல ஆளு," என்று சிரித்துவிட்டு டின்களை எடுத்து வைத்தார்.

பழைய ஆயிலை ஒரு சொட்டு விடாமல் வெளியேற்றிப் புதிதாக ஊற்றினோம். அதே மூட்டைகளை ஏற்றி அதே பாதையில் மூன்று நடை போனேன். ஒரு நடையில் வேண்டுமென்றே ஒரு லாரியின் பின்னாலேயே போகச் சொன்னேன். சக்கரம் கொதித்தது, பெடல் அசையவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லட்சுமணன் முகத்தில் மட்டும் அது முழுதாக வரவில்லை.

"வண்டி சரியாயிடுச்சி மேஸ்திரி. ஆளுங்க நம்பணுமே. வாங்கறேன்னவரு வெள்ளிக்கெழம வர்றேன்னு சொல்லியிருக்காரு."

வண்டியைச் சரிசெய்வதோடு நம் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. ஆனால் பயந்தாங்கொள்ளி என்று அவனுக்கு ஊர் வைத்த பெயரில் என் கையும் இருக்கிறதே? வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு நாள், காலை முதல் நடைக்கு ஆட்கள் கூடுகிற நேரத்தில் வெள்ளிமலைக்குப் போய் இறங்கினேன். இரண்டு ஜீப் நின்றது. ஒன்றில் இடமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தார்கள். லட்சுமணன் ஜீப் காலியாக இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிற வரிசையில் அவன் மனைவி வசந்தா, ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்குத் தடுப்பூசி போட அன்று ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. ஜீப்புக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். "நான் கள்ளக்குறிச்சி மெக்கானிக்குங்க. இந்த ஜீப்புக்கு வேல பாத்தவன். பிரேக்குல தப்பான ஆயிலு ஊத்தனது நான். வண்டில கோளாறு இருக்குதுன்னு இவரு மூணு தடவ வந்து சொன்னாரு. நான்தான் நம்பல. பயந்துக்கினு உங்கள நடக்கவுட்டாருன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க. அவரு நடக்கவுடலன்னா உங்கள்ல பாதிப் பேரு இன்னிக்கு இங்க நின்னிருக்கமாட்டீங்க. இப்ப சரி பண்ணியாச்சி."

மற்ற ஜீப்பில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் தொங்கிக்கொண்டே இருந்தார்கள். லட்சுமணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வசந்தா வரிசையை விட்டு வெளியே வந்தாள். என் எதிரில் நின்று கேட்டாள். "இப்ப நீங்க எதுல கீழ போறீங்க?"

"இதுலதாம்மா."

"எங்க ஒக்காருவீங்க?"

"முன்னால."

"ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். இடுப்பிலிருந்த பிள்ளையை எடுத்து என் மடியில் வைத்தாள். "நீங்களே வெச்சிக்குங்க," என்று சொல்லிவிட்டு, பின்னால் போய் ஏறினாள். நானும் தொழிலில் எத்தனையோ சோதனை பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்றைக் கண்டதில்லை. வண்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றால் அந்த நொடியில் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் பார்க்க நினைத்ததும் அதைத்தான். ஒரு பெரியவர் வந்து ஏறினார். பிறகு இரண்டு பேர். எட்டுப் பேர் சேர்ந்ததும் லட்சுமணன் வண்டியை எடுத்தான்.

செங்குத்து இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துக்கு வந்தோம். அவன் கால் தானாகவே வண்டியை நிறுத்திவிட்டது, இரண்டு மாசப் பழக்கம். பின்னால் பேச்சு நின்றுபோயிற்று.

"எறங்கணுமா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

லட்சுமணன் என்னைப் பார்த்தான். பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. என் கை நடுங்கியிருந்தால் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். நடுங்கவில்லை.

"போப்பா," என்றேன்.

முதல் திருப்பம், இரண்டாவது, மூன்றாவது. அவன் மிதித்த ஒவ்வொரு தடவையும் என் காலும் தரையை மிதித்தது. மலை முடிந்து அடிவாரத்து அணைத் தண்ணீர் கண்ணில் பட்டபோது பின்னால் யாரோ மரவள்ளி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இன்றுவரை, வேலை முடித்த வண்டியின் சாவியைக் கொடுக்கும்போதெல்லாம், இதில் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போவேனா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க இருப்பது இவ்வளவுதான், தம்பிகளா.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். வசந்தா என்னிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். நாலு அடி போனவள் நின்று, டிரைவர் சீட்டில் இருந்த தன் புருஷனைப் பார்த்து, மற்ற எந்தப் பயணியும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"சாயந்தரம் மேல போற வண்டி எத்தினி மணிக்கு?"

"நாலரைக்கு," என்றான் லட்சுமணன்.